காத்திருப்பும் செய்தியும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



தலைமையாசிரியர் அவர்கள் என்னை அழைத்து, "பெற்றோர்களுக்குப் பயன்படும்படி பத்து நிமிடம் பேசுங்கள்" என்றார். முன்பொரு விழாவில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'கல்வியின் அவசியம்'. அன்று நான் என்ன பேசினேன் என்பது உங்களுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. ஆகையால் இம்முறை என் வாழ்க்கையில் நடந்த ஒன்றை, அதுவும் நான் செய்த ஒரு தவற்றை, உங்கள் முன்னால் வைக்கலாம் என்று துணிந்திருக்கிறேன். மலருக்காக எழுதித் தரச் சொன்னபோது மேடையில் அவசரமாகச் சொன்ன சில இடங்களை விரித்து எழுதியிருக்கிறேன். பொறுத்தருள்க.

கடந்த 2025ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். தேர்வெல்லாம் முடிந்துவிட்டது. விடுமுறைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. அந்த நாட்களில் வகுப்பில் பாடம் நடத்துவது எவ்வளவு கடினம் என்பது இங்கிருக்கும் ஆசிரியர்களுக்குத் தெரியும். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "டீச்சர், நீங்க தளபதியப் பாக்கப் புக்கிட் ஜாலிலுக்குப் போறீங்களா? எங்க சித்தப்பா டிக்கெட் வாங்கிட்டாரு" என்றான். நடிகர் விஜய் அவர்களின் 'ஜன நாயகன்' படத்து இசை வெளியீட்டு விழா டிசம்பர் 27ஆம் நாள் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கில் நடக்கவிருந்த நேரம் அது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எந்த உணவுக்கடையில் போய் உட்கார்ந்தாலும் அதே பேச்சுத்தான்.

நான் சிரித்துக்கொண்டே, "இல்லப்பா, நான் வேற ஒருத்தருக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன். பையன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "யாரு டீச்சர், ரஜினியா?" என்று கேட்டான். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பையன் மேல் என்ன குற்றம்? யாருக்காகவாவது காத்திருப்பது என்றால் அவனுக்குத் தெரிந்தது நடிகர்கள்தாம். அவன் சித்தப்பா காத்திருக்கிறார், பக்கத்து வீட்டு அக்கா காத்திருக்கிறார், வானொலி காத்திருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், தமிழ்நாட்டில் கரூரில், அதே நடிகர் பேச வருகிறார் என்று பல மணி நேரம் தெருவில் காத்து நின்ற கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 41 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்தச் செய்தியையும் நம் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வந்தார்கள். ஆகவே காத்திருப்பது என்பது சிறிய விஷயமன்று.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கத்தோலிக்கக் கிறிஸ்துவப் பெண். நம் தோட்டத்தில் எங்களைப் போல் நாலைந்து குடும்பங்கள்தாம் இருக்கின்றன. கிறிஸ்மசுக்கு முன்வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அடங்கிய நாட்களை நாங்கள் திருவருகைக் காலம் என்போம். என் பாட்டி அதை ஆகமன காலம் என்பார். அந்த நாட்களில் சாமியார் ஊதா நிற உடுப்பு அணிந்து பூசை வைப்பார். பச்சை இலைகளால் ஒரு வளையம் கட்டி, அதில் நான்கு மெழுகுவர்த்திகளை வைத்து, ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டு வருவோம். மூன்றாவது மட்டும் ரோஜா நிறம். காத்திருப்பின் பாதி கடந்துவிட்டது, கொஞ்சம் மகிழ்ச்சியாக இருங்கள் என்று அதற்குப் பொருள். வீட்டில் குடில் கட்டி மாடு, கழுதை, இடையர் எல்லாரையும் வைத்துவிடுவோம். ஆனால் தொட்டி மட்டும் காலியாக இருக்கும். 24ஆம் நாள் இரவில்தான் குழந்தையை அதில் வைப்போம்.

மதம் பேச வந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். உங்களுக்கும் இது புதிதல்ல. டிசம்பர் நடுவில் மார்கழி பிறக்கிறது. திருப்பாவையும் திருவெம்பாவையும் என்ன செய்கின்றன? ஒரு பெண் இன்னொரு பெண்ணின் வாசலில் போய் நின்று தூக்கத்திலிருந்து எழுப்புகிறாள். எங்கள் முதல் ஞாயிற்று வாசகமும் தூங்காமல் விழித்திருக்கச் சொல்வதுதான். தைப்பூசத்திற்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து பத்துமலை ஏறுகிறவர் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்! நாக்கைக் கட்டி, ஆசையைக் கட்டி, ஒரு நாளுக்காகக் காத்திருப்பது என்னவென்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிற்க. இந்த டிசம்பர் மாதத்திற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தமிழர்கள் உயிராக நேசித்த இருவர் இந்தத் திருவருகைக் காலத்தில்தான் மறைந்தார்கள். எம்.ஜி.ஆர் அவர்கள் 1987 டிசம்பர் 24. ஜெயலலிதா அவர்கள் 2016 டிசம்பர் 5. முதலாவது நான் பிறப்பதற்கு முன் நடந்தது. அது எங்கள் குடும்பக் கதை. இரண்டாவது என் கதை.

முதற்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் தாத்தா பால்மரம் வெட்டியவர். எம்.ஜி.ஆரை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லையாம், 'வாத்தியார்' என்றுதான் சொல்வாராம். (நான் ஆசிரியர் பயிற்சிக்குத் தேர்வானபோது, "நம்ம வீட்லயும் ஒரு வாத்தியார்" என்று அவர் மகிழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.) கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் பிறந்தவர் எம்.ஜி.ஆர். "அவரும் தேயிலைச் சீமையில பொறந்தவரு, நம்ம ஆளு" என்பது தாத்தாவின் வாதம். எம்.ஜி.ஆர் இயேசுவாக நடிப்பதாக இருந்து நின்றுபோன 'இயேசுநாதர்' படத்துக்காக வேடமிட்டு எடுத்த நிழற்படம் ஒன்று ரசிகர்களிடையே பரவியிருந்தது. தாத்தா அதை எங்கிருந்தோ வாங்கி வந்து, லயத்து வீட்டில் இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். பாட்டி சண்டை போடவில்லை. மறுநாள் அதைக் கழற்றி அடுப்படியில் மாட்டி, "சோறு போட்டவருதானே, அடுப்புக்கு மேல இருக்கட்டும்" என்றாராம்.

1987இல் வியாழக்கிழமை அன்று கிறிஸ்மசுக்கு முதல் நாள். வெட்டு முடிந்து பால் கொட்டகையில் நிறுவைக்கு நின்ற ஆட்களிடம் செய்தி வந்து சேர்ந்தது. தாத்தா வாளியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று இரவு கிள்ளான் கோவிலுக்கு நடுச்சாமப் பூசைக்குப் போகத் தோட்டத்து லாரி வந்து நின்றது. பாட்டியும் என் அம்மாவும் ஏறினார்கள். தாத்தா ஏறவில்லை. மறுநாள் சென்னை மெரினா கடற்கரையில் எம்.ஜி.ஆரை அடக்கம் செய்தார்கள். கிறிஸ்மஸ் அன்று தாத்தா புதுச்சட்டை போடவில்லை. "ஆண்டவரு பொறந்த நாள்ல எழவு காத்த மனுசன்" என்று பாட்டி பொங்கல் வரைக்கும் பேசவில்லை.

சிறு வயதில் நான் பாட்டியின் கட்சி. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர் தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். தாத்தா திரும்பத் திரும்பச் சொன்னதும் அதைத்தான். "நான் நடிச்சதுக்கா அழுதேன்? பசிச்ச புள்ளைக்குச் சோறு போட்டதுக்கு அழுதேன். சேசு கோவிச்சுக்கமாட்டாரு." அதே நாட்களில் சென்னையில் கடைகளை உடைத்துச் சூறையாடியவர்களும் இருந்தார்கள், தம் உயிரையே மாய்த்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். அதை என்னால் எந்த நாளும் ஏற்றுக்கொள்ள முடியாது. ஆனால் என் தாத்தாவின் கண்ணீரை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை.

இனி என் கதை.

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் ஜெயலலிதா அவர்கள் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல் என்றார்கள், சில நாளில் வீடு திரும்புவார் என்றார்கள். எழுபத்தைந்து நாட்கள் ஓடின. மருத்துவமனை வாசலில் மக்கள் காத்துக் கிடந்தார்கள். கோவில்களில் பால்குடம் எடுத்தார்கள், தேவாலயங்களில் செபித்தார்கள், மசூதிகளில் தொழுதார்கள். இங்கே நம் தோட்டத்திலும் ஒருவர் காத்திருந்தார்.

அவரை உங்களில் பலருக்குத் தெரியும். ஆயாக்கொட்டகையில் முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா. என்னையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான். இன்று நம்மிடையே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பச்சைக் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவதென்றால் லயத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு காலையும் நீட்டி, குழந்தையைக் கால்மேல் போட்டு, அவர் எண்ணெய் தேய்த்து உருவிவிடும் அழகே தனி. பெண் பிள்ளையாக இருந்த காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி 'ஆயிரத்தில் ஒருவன்' போட்டார்களாம். அன்றிலிருந்து அவருக்கு ஜெயலலிதா என்றால் உயிர். நாட்காட்டியில் வந்த ஒரு படத்தைக் கண்ணாடி போட்டு வைத்திருந்தார். எழுபத்தைந்து நாளும் என்னைக் கண்ட இடத்தில், "டீச்சரு, அம்மாவுக்கு எப்படி இருக்காம்?" என்று கேட்பார். நான் கைப்பேசியைப் பார்த்து எதையாவது சொல்வேன். என் வாயிலிருந்து வந்தால் அது அவருக்கு அரசாங்கச் செய்தி.

டிசம்பர் 5, திங்கட்கிழமை. எங்களுக்குத் திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரம். பள்ளி விடுமுறை. இரவு உணவு நேரம். என்னோடு பயிற்சி பெற்ற தோழி ஒருத்தி பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவுக்கடையில் உட்கார்ந்திருந்தவள், தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாள். ஜெயலலிதா இறந்துவிட்டார் என்று. நான் யாரையும் கேட்கவில்லை. வேறெங்கும் பார்க்கவில்லை. மூன்றாம் ஆண்டுப் பெற்றோர்களுக்காக நான் வைத்திருந்த குழுவில் உடனே எழுதினேன். எழுதும்போது தோழி சொல்லாத ஒரு வார்த்தையையும் நானே சேர்த்துக்கொண்டேன். 'உறுதியான செய்தி' என்று போட்டேன். ஏன் போட்டேன் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். எல்லாருக்கும் முன்னால் நான் சொல்லவேண்டும் என்ற ஆசை. வேறொன்றும் இல்லை.

ஆயாவின் பேரன் என் வகுப்பு. மருமகள் செய்தியைப் படித்துச் சொன்னார். ஆயா எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டார். வாசல் செடியில் இருந்த மல்லிகையை அந்த இருட்டிலேயே பறித்துச் சரம் கட்டி, படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி வைத்து ஒப்பாரி வைத்தார். என் வீட்டுக்கே கேட்டது.

சற்று நேரத்தில் எல்லாம் மாறியது. செய்தி தவறு, முதலமைச்சர் உயிர்காக்கும் கருவிகளின் துணையோடு இருக்கிறார், சிகிச்சை தொடர்கிறது என்று மருத்துவமனை மறுத்தது. சென்னையில் கட்சி அலுவலகத்தில் பாதிக்கு இறக்கிய கொடியை மறுபடி மேலே ஏற்றினார்கள். அவசரப்பட்டது நான் மட்டும் அல்ல, சில தொலைக்காட்சிகளே அவசரப்பட்டுவிட்டன. ஆனால் அவர்களுக்கு ஆயாவைத் தெரியாது, எனக்குத் தெரியும். குழுவில் யாரோ ஒரு தகப்பனார், "டீச்சர், இது பொய்யாமே?" என்று கேட்டிருந்தார். நான் பார்த்தேன். பதில் எழுதவில்லை.

ஆயா மாலையைப் பிய்த்து எறிந்தார். உயிரோடு இருக்கும் மனுஷிக்கு மாலை போட்டுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு, அந்த இரவில் காளியம்மன் கோவிலுக்குப் போனார். கோவில் பூட்டியிருந்தது. படியிலேயே உட்கார்ந்திருந்தாராம். அங்கே சென்னையில் இரவு 11.30க்கு உயிர் பிரிந்தது. நமக்கு அது 6ஆம் தேதி அதிகாலை இரண்டு மணி. விடிந்ததும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இந்த முறை செய்தி உண்மை.

காலையில் ஆயா என் வாசலுக்கு வந்து நின்றார். "நான் மாலை போட்டதாலதான் போயிட்டாங்க, டீச்சரு. என் கை செஞ்ச வேல" என்றார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'அந்தச் செய்தியை அனுப்பியவள் நான்.' நான் சொன்னதோ, "அப்படியெல்லாம் இல்ல ஆயா, போய்ப் படுங்க" என்பது. சொல்லிவிட்டு உள்ளே போய் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் மறந்துகூடப் போயிருப்பேன். அந்த வாரத்தில் நாலு வீடு தள்ளி ஒரு மருமகள் பிரசவம் முடிந்து மருத்துவமனையிலிருந்து கைக்குழந்தையோடு வந்தாள். வழக்கம்போல ஆயாவைக் கூப்பிட்டார்கள். ஆயா இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "வேற ஆளப் பாருங்க. இந்தக் கையால இனிமே பச்சப்புள்ளயத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். எத்தனை பேர் கேட்டும் வரவில்லை. தோட்டத்தில் பாதிப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கை அது. காரணம் யாருக்கும் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்தது.

டிசம்பர் 10, சனிக்கிழமை, கிறிஸ்மசுக்கு முன் செய்யும் பாவசங்கீர்த்தனத்துக்காகக் கிள்ளானுக்குப் போனேன். தெங்கு கிளானா சாலையில், புடவைக் கடைகளும் பூக்கடைகளும் இருக்கும் அந்த நெரிசலில், 1928இல் கட்டிய லூர்து மாதா கோவில் இருக்கிறது. வழக்கமான பாவங்களோடு இதையும் சேர்த்து, ஒரு செய்தியை அவசரப்பட்டு அனுப்பிவிட்டேன் என்று மெதுவாகச் சொன்னேன். வயதான சாமியார். விவரமாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அனுப்பினது அவசரம். உறுதின்னு எழுதினது பொய். அந்த அம்மா வாசல்ல வந்து நின்னப்ப நீ வாய மூடிக்கிட்டியே, அதச் சொல்லத்தான் நீ இன்னிக்கு வந்திருக்க. அபராதமா மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு. அப்புறம் அவங்ககிட்டப் போ."

மூன்று செபத்தை அங்கேயே சொல்லி முடித்துவிட்டேன். நாலாவது வேலைதான் கடினமாக இருந்தது. அன்று மாலை போகவில்லை.

மறுநாள் மூன்றாம் ஞாயிறு, ரோஜா நிற மெழுகுவர்த்தி. அன்று வாசித்தது ஸ்நாபக அருளப்பரைப் பற்றிய பகுதி. அவர் ஒரு காலத்தில் பெரும் புகழ் பெற்றவர். அவரைப் பார்க்க ஊர் ஊராகச் சனங்கள் பாலைவனத்துக்குப் போனார்கள். இந்தக் காலமாக இருந்தால் அவரைப் பற்றி நாளுக்கு நூறு செய்தி வந்திருக்கும். அத்தனை கூட்டமும் தம்மைச் சுற்றி நின்றபோது, நீங்கள் காத்திருப்பவர் நான் அல்ல, எனக்குப் பின்னால் வருகிறார் என்று சொன்ன மனிதர் அவர். இப்போது சிறையில் கிடக்கிறார். இயேசுவைப் பற்றிக் காதில் விழுகிறது. அவர்தானா, இல்லையா என்று மனம் அலைகிறது. அருளப்பர் என்ன செய்தார்? காதில் விழுந்ததை வைத்து முடிவுகட்டவில்லை. தம் சீடர்களை நேரே அனுப்பிக் கேட்டார். இயேசுவும் தம்மைப் பற்றிப் பெருமையாக ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் போய்ச் சொல்லச் சொன்னார். குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி கிடைக்கிறது என்று. பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, நீங்கள் பாலைவனத்துக்கு எதைப் பார்க்கப் போனீர்கள், காற்றில் ஆடும் நாணலையா, நேர்த்தியான உடை உடுத்தியவரையா என்று கேட்கிறார்.

இந்தப் பகுதியை எத்தனையோ வருடம் கேட்டிருக்கிறேன். நாணல் என்பது யாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று அது நானாக இருந்தேன். காற்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து அடித்தது, நான் சாய்ந்தேன். தாத்தாவின் நினைவும் வந்தது. அவர் தம் வாத்தியாரை எதைக் கொண்டு மதித்தார்? பசித்த பிள்ளை சாப்பிட்டதைக் கொண்டு. படிக்காத மனிதர் கண்ட செயலைப் பார்த்தார். படித்த நான் வந்த வதந்தியைப் பார்த்தேன்.

நடிகர்களைப் பற்றிப் பேசாதே, பார்க்காதே என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. நானே படம் பார்ப்பவள்தான். புக்கிட் ஜாலிலுக்குப் போனவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. வகுப்பில் ஒரு செய்தியோடு வருகிற பிள்ளையிடம் நான் இரண்டே கேள்வி கேட்பேன். நீ பார்த்தாயா? பார்த்தவரைக் கேட்டாயா? அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு என்மேல் சலிப்பு என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிறு பிற்பகல், அந்த வாரத்துச் செய்தித்தாள்களை எடுத்துக்கொண்டு ஆயா வீட்டுக்குப் போனேன். அவர் பின்வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன்.

"ஆயா, அன்னிக்கு ராத்திரி அந்தச் செய்திய அனுப்புனது நான்தான். எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்."

ஆயா என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியும்" என்றார். "ஒன் பேரப் பாத்துத்தானே மருமக படிச்சா. டீச்சரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நான்தான் சொன்னேன்."

இதைவிட என்னை அவர் அடித்திருக்கலாம்.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே, "பேப்பர்ல என்னதான் போட்டிருக்கான்? முழுசாப் படி" என்றார். படித்தேன். எந்தத் தேதியில் மருத்துவமனையில் சேர்த்தார்கள், எத்தனை நாள் இருந்தார், 4ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலையிலேயே இருதயம் நின்றுபோய், கருவிகளை வைத்துக் காப்பாற்றப் பார்த்தார்கள் என்பது வரை ஒரு வரி விடாமல் படித்தேன்.

"ஞாயித்துக்கிழமையேவா?"

"ஆமா ஆயா."

"நான் மாலை போட்டது?"

"திங்கக்கிழம ராத்திரி."

விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஞாயிறு, திங்கள். மறுபடியும் எண்ணினார். முகத்தில் ஏதோ இளகியது. ஆனால் ஆயா அப்படி எளிதில் ஏமாறுகிற ஆள் இல்லை. "அப்ப நான் மாலை போட்டப்ப அவங்க இருந்தாங்களா, இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். நாக்கு நுனி வரை வந்தது. "இருந்தாங்க ஆயா. நம்ம நேரம் ரெண்டு மணி வரைக்கும் இருந்தாங்கன்னுதான் போட்டிருக்கு. உசிரோட இருந்தவங்களுக்குத்தான் மாலை போட்டீங்க. போட வச்சது நான். ஆனா அவங்க போனது அந்த மாலையால இல்ல."

ஆயா வெகுநேரம் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள் திட்ட. இவ்வளவு படிச்சு என்ன புண்ணியம், பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லிக் குடுக்கிறியா, உன்ன ஆயாக்கொட்டகையில வளத்தப்பவே ஒனக்கு எதுலயும் அவசரம் என்று, நான் மறந்துபோன வயதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எல்லாம் முடிந்த பிறகு, "சரி விடு. பாதி பாவம் ஒனக்கு, பாதி எனக்கு" என்றார்.

மறுநாள் காலை, ஏழு மணி இருக்கும், ஆயாவின் பேரன் ஓடிவந்தான். "டீச்சர், பாட்டி ஒங்கள ஒடனே வரச் சொன்னாங்க." என்னமோ ஏதோ என்று ஓடினேன். அந்த நாலாவது வீட்டுப் பின்கட்டில் வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆயா பலகையில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். கால்மேல் குழந்தை எண்ணெய் பளபளக்கக் கிடந்தது. என்னைப் பார்த்ததும், "வா இங்க, நீ ஊத்து, நான் தேய்க்கிறேன்" என்றார்.

எனக்குப் பழக்கமில்லை. முதல் குவளையை ஊற்றியபோது கை நடுங்கியது. "சூடு பாத்து ஊத்துடி!" என்று ஆயா அதட்டினார். முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஊற்றினேன். குழந்தை போட்ட சத்தத்தில் லயமே எட்டிப் பார்த்தது. அன்று டிசம்பர் 12, ரஜினியின் பிறந்தநாள். அடுத்த வீட்டு வானொலியில் அவர் படத்துப் பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் குழந்தைதான், கடந்த டிசம்பரில் வகுப்பில் எழுந்து நின்று என்னை "ரஜினியா?" என்று கேட்ட பையன். இதோ மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். இன்று அவனுக்குத் தமிழ் மொழியில் இரண்டாம் பரிசு.